பத்த வச்சாச்சா?

என் தங்கை மகனுக்குக் காது குத்துவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் எல்லோரும் பேசியது காதைப் பற்றி அல்ல, மடியைப் பற்றி. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். உடன்பிறந்த அண்ணன் நான் இருக்கிறேன். ஆகவே என் மடி. இதில் குழப்பத்துக்கு இடம் கிடையாது. ஆனால் எனக்குப் பெரியப்பா மகன் ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், எங்களுக்குப் பெரியண்ணன். அவரும் முறைக்குத் தாய்மாமன்தான். மூத்தவன் இருக்கும்போது இளையவன் மடியா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலேயே அந்தக் கேள்வியை உறவுக்காரர்கள் நடுவே சுற்றவிடத் தெரிந்தவர்.

விழா, கொடும்பாளூரிலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கும் தங்கை புகுந்த வீட்டாரின் அய்யனார் கோவிலில். நான் போய்ச் சேர்ந்தபோது பெரியண்ணன் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார். புது வேட்டி. கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது. மரத்தடியில் போட்டிருந்த மணைப்பலகையில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை என்னை ஓரமாக இழுத்தாள். "அண்ணே, பெரியண்ணன் மடிக்கு இஸ்திரி போட்டுட்டு வந்திருக்காரு. நீங்க என்னடான்னா பேன்ட்டோட வந்து நிக்கிறீங்க."

"வேட்டி பையில இருக்குத்தா."

"பையில இருந்து என்ன பண்ண? மொதல்ல கட்டுங்க. அவரு பலகைய விட்டு எந்திரிக்கிற மாதிரி தெரியல."

நான் கட்டவில்லை. அதற்குள் கடுக்கன் உடைந்துவிட்டது.

கடுக்கன் நான் கொண்டுவந்த தாய்மாமன் சீர். ஒரு ஜோடி, சின்னது, தங்கம். முகப்பில் ஒரு வட்டம், அதன் பின்னால் மரை போட்ட மெல்லிய தண்டு, அந்தத் தண்டில் திருகிக்கொள்ள ஒரு திருகாணி. வெற்றிலைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தார்கள். பெரியண்ணன் ஒன்றைக் கையில் எடுத்தார். "திருகாணி லேசா இருந்தா புள்ள கழட்டி முழுங்கிருவான்" என்று சொல்லி, அது லேசாக இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக ஒரு திருகு திருகினார். பிறகு இன்னொரு திருகு. அவர் வலது கையில் முகப்பும் இடது கையில் தண்டும் தனித்தனியாக இருந்தன.

"ஏற்கெனவே விட்டுத்தான் இருந்திருக்கு" என்றார்.

மாமன் கொண்டுவந்த கடுக்கன் இவ்வளவுதானா என்று யாரோ ஒரு அம்மாள் மிகவும் மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

காது குத்த வந்தவர் தண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "நான் குத்துறதோட சரிங்க. பத்த வைக்கிறதெல்லாம் விராலிமலைக் கடைத்தெருவுல. சட்டுனு போய்ப் பத்த வச்சுக்கிட்டு வாங்க. நல்ல நேரம் முடியறதுக்குள்ள வந்துட்டா உங்க மடி. வரலைன்னா இருக்கிற மாமன் மடி. கடுக்கன் இல்லாத காதுக்கு வேப்பங்குச்சி சொருகி விட்டுருவேன்."

பெரியண்ணன் பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. "நிதானமாப் போயிட்டு வாடா. ரோடு ஒரு மாதிரி" என்றார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் உலோகத்தை உருக்கி ஒட்டினால் அது பத்த வைப்பது. அடுப்பை மூட்டினாலும் பத்த வைப்பது. இரண்டு பேருக்கு நடுவில் கோள் சொல்லிச் சண்டை மூட்டினாலும் பத்த வைப்பதுதான். சேர்ப்பதற்கும் எரிப்பதற்கும் பிரிப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலம் குழப்பமில்லாமல் குடும்பம் நடத்தியிருக்கிறோம். அன்று காலை வரை.

உடைந்த கடுக்கனை ஒரு காகிதத்தில் மடித்தேன். தண்டு தொலைந்துவிடக் கூடாது என்று திருகாணியை அதிலேயே திருகி வைத்தேன். உடையாத கடுக்கன் தட்டிலேயே இருந்தது. தங்கை வீட்டுக்காரரின் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

விராலிமலைக் கடைத்தெருவில் அந்த நேரத்துக்குத் திறந்திருந்தது ஒரே ஒரு பத்தர் கடைதான். கடை என்பதைவிட, இரண்டு கடைகளுக்கு நடுவில் மிச்சமிருந்த சந்துக்கு ஒரு ஷட்டர் என்று சொல்லலாம். பத்தர் தரையில் உட்கார்ந்து ஒரு வெள்ளிக் கொலுசைச் சுண்ணாம்புக் கல்லைப் போல வெளுக்கத் துலக்கிக்கொண்டிருந்தார். காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன்.

"சார் எந்த ஊரு? பார்த்தா பேங்க் மாதிரி தெரியுது."

"பத்திரிகை."

"அட, அப்ப நீங்களும் பத்த வைக்கிற ஆளுதான்! ஒரே வித்தியாசம், நான் பத்த வச்சா ஒட்டிக்கும். நீங்க பத்த வச்சா எரியும்."

அவரே சிரித்துக்கொண்டார். அவசரம் என்றேன். அவசரத்துக்கென்றே பிறந்தவர் தாம் என்றார். ஆவூர்ப் பக்கத்து பேண்டு செட்டுக்காரர் ஒருவர், தேர் புறப்படுகிற அன்றைக்கு கிளாரினெட் சாவி உடைந்து ஓடி வந்த கதையைச் சொன்னார். அதைத் தாம் பத்த வைத்துக் கொடுத்த பிறகு அந்த வாத்தியத்துக்கு முன்பு இல்லாத ஒரு இனிமை வந்துவிட்டதாம். மூக்குக் கண்ணாடி, பூட்டுச் சாவி, யாரோ ஒருவருடைய பல் செட்டின் கம்பி என்று கதை விரிந்தது. கை மட்டும் கொலுசிலேயே இருந்தது.

"கடுக்கன், அண்ணே" என்றேன்.

"இதோ. தங்கப் பொடி தீந்துபோச்சு சார். வெள்ளிப் பொடிதான் இருக்கு. ஒட்டுன எடம் வெள்ளையாத் தெரியும். பின்பக்கம்தானே, காதுக்குள்ள போயிரும். காதத் திருப்பிப் பாக்குறவன் எவன் இருக்கான்?"

எனக்கு ஒருவரைத் தெரியும்.

பொடி என்று அவர் சொன்னது பொடி அல்ல. வெள்ளியோடு கொஞ்சம் பித்தளை சேர்த்து உருக்கி, தகடாகத் தட்டி, கத்திரியால் எள்ளில் பாதியளவுக்கு நறுக்கிய துணுக்குகள். தங்கம் உருகுவதற்கு முன்னால் இது உருகும். அந்த இடைவெளியில்தான் வேலை. ஒட்ட வேண்டிய இரண்டு இடத்தையும் அரத்தால் சுரண்டிப் பளபளக்க வைத்தார். ஒரு கல்லில் தண்ணீர் விட்டு வெங்காரக் கட்டியை உரைத்து, அந்தப் பாலைத் தூரிகை நுனியால் தடவினார். அழுக்கு இருந்தால் பொடி ஓடாது, வெங்காரம் இல்லையென்றால் பொடி உருண்டையாகி ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடும் என்றார். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

சிக்கல் தீயில் வந்தது. அவரிடம் இருந்தது வாயால் ஊதுகிற கேஸ் குழல். ஒரு ரப்பர் குழாயில் கேஸ் வரும். இன்னொரு குழாயின் முனையைப் பல்லில் கவ்விக்கொண்டு அவர் காற்றை ஊத வேண்டும். ஊதினால் மஞ்சள் தீ நீலமாகி, ஊசிபோல் கூராகும். நிறுத்தினால் மறுபடி மஞ்சளாகித் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். அதாவது, அவரால் ஒரே நேரத்தில் ஊதவும் பேசவும் முடியாது. இரண்டில் எதை விடுவது என்று வந்தபோதெல்லாம் அவர் ஊதுவதை விட்டார்.

"மடியில உக்கார வைக்கிறது இருக்கே..." என்பார். தீ மஞ்சளாகும். ஒரு ஊது. நீலம். வெங்காரம் பொங்கத் தொடங்கும். "எங்க பக்கமெல்லாம்..." மஞ்சள்.

நான் இப்போது செய்தி திருத்தும் டெஸ்க்கில் இருந்தாலும் பல வருடம் நிருபராக அலைந்தவன். பேசாதவரைப் பேச வைக்க எனக்குத் தெரியும். அதற்குத்தான் சம்பளம். பேசுகிறவரைப் பேசாமல் இருக்க வைக்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மௌனமாக இருந்து பார்த்தேன். நான் அடுத்த கதைக்குக் காத்திருப்பதாக எடுத்துக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினேன், உற்சாகமானார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், தம் மாமனார் வைத்திருந்த கடிகாரத்தைப் பற்றிச் சொன்னார்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. நானே பேசுவது. நான் பேசினால் அவர் கேட்பார். கேட்கிற வாய் சும்மாதானே இருக்கும், ஊதட்டும்.

மடிச் சண்டையை ஆதியிலிருந்து எடுத்தேன். பெரியப்பா மகன், இஸ்திரி வேட்டி, பலகையில் உட்கார்ந்து பார்த்தது, திருகாணியைத் திருகியது. பலன் உடனே தெரிந்தது. பத்தர் குழலைக் கவ்வினார், விடவில்லை. தீ நீலமாக நின்றது. வெங்காரம் பொங்கி, வற்றி, கண்ணாடி போலப் படிந்தது. "ம்... ம்..." என்று மூக்கால் கேட்டுக்கொண்டே ஊதினார். நான் சொல்லச் சொல்ல அவர் கண் என் முகத்துக்கு வந்துவிட்டது. "நிதானமாப் போயிட்டு வாடான்னாரு" என்று நான் முடித்தபோது, கதையின் சுவாரசியத்தில் அவர் ஒரு மூச்சு கூடுதலாக ஊதிவிட்டார்.

பொடி பளிச்சென்று தண்ணீராகி ஓடியது. ஒட்ட வேண்டிய இடத்தில் கொஞ்சம் நின்றது. மீதி தண்டின் மரை வழியாக இறங்கித் திருகாணிக்குள் புகுந்தது. தொலைந்துவிடக் கூடாது என்று நான் திருகி வைத்த, அவரும் இடுக்கியால் பிடிக்க வசதியாக இருக்கிறது என்று கழற்றாமல் விட்ட அதே திருகாணி.

தண்ணீரில் போட்டு எடுத்துத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. முகப்பு, தண்டு, திருகாணி மூன்றும் ஒரே உடம்பாகிவிட்டிருந்தன.

"இனி எவன் திருகுனாலும் வராது சார்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

"காதுல எப்படி அண்ணே போடுறது?"

கடுக்கனை இடுக்கியில் புரட்டிப் பார்த்தார். பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தார். "அந்த பென்சிலைக் குடுங்க."

மறுபடி சூடு காட்டி, பொடி இளகியிருக்கும்போதே திருகாணியைச் சுழற்றிக் கழற்றினார். தண்டின் மரையில் அடைத்திருந்த வெள்ளியைச் சுரண்டினார். அது பாழ்தான் என்று திருகாணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பழைய மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து அளவுக்கு ஒத்துவருகிற இன்னொன்றைத் தேடினார். தண்டு முகப்பில் கொஞ்சம் சாய்ந்து நின்றிருந்தது. அதை நிமிர்த்தி மறுபடி பத்த வைக்க வேண்டும். இந்த முறை தண்டு முழுக்க என் பென்சிலால் கறுப்பாகத் தேய்த்தார். பென்சில் தேய்த்த இடத்துக்குள் பொடி ஓடாதாம். எங்கள் ஆபீசிலும் தேவையில்லாமல் ஓடுகிற செய்தியை நிறுத்தப் பென்சிலைத்தான் பயன்படுத்துவோம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சார், கொஞ்சம் பேசாம இருங்க. நீங்க பேசிப் பேசித்தான் கைவேலை கெட்டுப்போச்சு" என்றார் பத்தர்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அவரும் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. படிகாரத் தண்ணீரில் போட்டு எடுத்ததும் வெங்காரக் கறை போய்விட்டது. வட்டத்தின் முதுகில், தண்டு முளைத்த இடத்தில், ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி.

பைக்கில் திரும்பும்போது எனக்கு வெற்றி பெற்ற நினைப்புதான். நல்ல நேரம் இன்னும் இருந்தது.

கோவிலை நெருங்கியபோது குழந்தை வீரிட்டு அழும் சத்தம் கேட்டது. அந்த அழுகைக்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். வண்டியை நிறுத்தாமலே இறங்கினேன் என்றால் மிகை. நிறுத்தினேன், ஸ்டாண்டு போடவில்லை.

பெரியண்ணன் பலகையில் இருந்தார். அவர் மடியில் குழந்தை. குழந்தையின் வலது காதில், தட்டில் விட்டுப்போன கடுக்கன்.

"எங்கண்ணே போனீங்க?" என்று தங்கை என் மேலேயே பாய்ந்தாள். "பத்த வச்சாச்சுன்னு எப்பவோ சொன்னீங்களே!"

"நான் எப்பத்தா சொன்னேன்?"

"நீங்க சொன்னதா இவரு சொன்னாரு."

அவள் வீட்டுக்காரர் கையில் போனோடு நின்றார். "நான் அடுப்பைச் சொன்னேன்."

"அடுப்பை எதுக்கு நான் கேக்கப் போறேன்? அடுப்பு பத்துனா எனக்கென்ன, பத்தாட்டி எனக்கென்ன?"

"அப்படிச் சொல்லாதீங்க தங்கச்சி, எம்புட்டு எலைக்குச் சோறு!" என்று மேட்டிலிருந்து சமையல் மாஸ்டர் குரல் கொடுத்தார்.

பின்னர் மூன்று பேரையும் தனித்தனியாக விசாரித்தேன். மூன்று பேர் சொன்னதும் அப்படியே ஒத்துப்போயிற்று. என் தொழில் அனுபவத்தில் இது அபூர்வம். நடந்தது இதுதான். அந்தக் கோவிலில் சமையல் நடந்த மேட்டில் மட்டும்தான் போனில் டவர் கிடைக்கும். ஆகவே தங்கை வீட்டுக்காரர், என் போன் வந்தால் எடுப்பதற்காக அங்கே நின்றார். அங்கே பெரிய கேஸ் அடுப்பு வெகுநேரமாக மக்கர் செய்துகொண்டிருந்தது. மாஸ்டர் ரெகுலேட்டரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். இவர் போனை மறந்து அதை வேடிக்கை பார்த்தார். தங்கை மரத்தடியிலிருந்து கத்தினாள்: "ஏங்க, பத்த வச்சாச்சான்னு கேளுங்க!" இவர் மாஸ்டரைக் கேட்டார். அதே நிமிடம்தான் அடுப்பு பிடித்திருந்தது. "பத்த வச்சாச்சு மாப்ள!" என்றார் மாஸ்டர். இவர் மரத்தடியைப் பார்த்துக் கத்தினார்: "பத்த வச்சாச்சாம்!"

நான் கடையை விட்டுப் புறப்பட்டுவிட்டேன், இதோ வந்துவிடுவேன் என்று தங்கை எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் தயார் செய்யச் சொன்னாள். "அவன் வர்ற வரைக்கும் நான் சும்மா புடிச்சுக்கிட்டு இருக்கேன், வந்ததும் மாத்திக்கிறலாம்" என்று பெரியண்ணன் குழந்தையை வாங்கி மடியில் வைத்தார். காது குத்த வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மாமன் இருக்கிறார், மடி இருக்கிறது, மடியில் குழந்தை இருக்கிறது, தட்டில் கடுக்கன் இருக்கிறது. குத்திவிட்டார்.

"மடியில புள்ள உக்காந்தா நான் குத்திருவேன். அதுதானே என் தொழிலு" என்றார் அவர். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நான் கடுக்கனை நீட்டினேன். பெரியண்ணன் அதை வாங்கி, முதல் வேலையாகத் திருப்பிப் பார்த்தார். "பின்னாடி என்னமோ வெள்ளையா இருக்கே?"

"திருகாதீங்க பெரியண்ணே!" என்று தங்கை பிடுங்கிக்கொண்டாள். "எங்கண்ணன் மடிக்கு மாத்துங்க."

"பாதியில மாத்தலாமா? ஒரு புள்ளைக்கு ஒரு மடிதான்."

"காது ரெண்டாச்சே" என்றேன்.

"காதுக்கு ஒரு மடின்னா, நாளைக்கு மொட்டை போட ஆளுக்குப் பாதித் தலையா?" என்றார் பெரியண்ணன். கூட்டம் சிரித்தது. நியாயமான கேள்வி. அந்த இடத்தில் வாக்கெடுப்பு நடந்திருந்தால் நான் தோற்றிருப்பேன். காது குத்துகிறவர் ஊசியைத் துடைத்துக்கொண்டே, "சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க, நேரம் போகுது" என்றார்.

முடிவு செய்தது குழந்தை. அழுகையின் நடுவே என்னைப் பார்த்தான். அந்த மடியில் இருந்தால் காதில் குத்துகிறார்கள் என்பது அவனுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. இந்த மடியைப் பற்றிக் கெட்ட தகவல் எதுவும் அதுவரை இல்லை. இரண்டு கையையும் என் பக்கம் நீட்டி, பெரியண்ணனின் கஞ்சி போட்ட வேட்டியில் ஒரு உதை விட்டு, என் மேல் பாய்ந்தான்.

"பெரிய மாமன் மடி குத்துதாமே!" என்று ஒரு பெண் குரல் கேட்டது. கடுக்கன் இவ்வளவுதானா என்று கேட்ட அதே அம்மாள்தான்.

நான் பேன்ட்டோடு பலகையில் உட்கார்ந்தேன். பெரியண்ணன் முழுதாக எழுந்திருக்கவில்லை; ஓரமாக நகர்ந்து இடம் விட்டார். குழந்தை என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பாதுகாப்பான இடத்துக்கு வந்து சேர்ந்தவனைப் போல அழுகையைக் குறைத்தான். அப்படி ஒரு நம்பிக்கையோடு என்னை யாரும் கட்டிப் பிடித்தது கிடையாது. காது குத்துகிறவர் கண்ணைக் காட்டினார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். இடது காதில் ஊசி இறங்கியது, தண்டு நுழைந்தது, திருகாணி ஏறியது.

அவன் உடனே அழவில்லை. முதலில் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான். பிறகுதான் அழுதான்.

சாப்பாடு நன்றாக இருந்தது. பெரியண்ணனும் நானும் ஒரே வரிசையில், பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். குழந்தை சமையல் மாஸ்டர் இடுப்பில் இருந்தான். எங்கள் இரண்டு பேரிடமும் வர மறுத்துவிட்டான். "வாடா, மாமன்கிட்ட வாடா" என்று ஆளுக்கு ஒரு பக்கமிருந்து கூப்பிட்டோம். மாஸ்டர் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

மடி யாருடையது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வலது காதுதான் முதல் காது, ஆகவே காது குத்தியது தம் மடியில் என்கிறார் பெரியண்ணன். குழந்தை தானாக வந்து உட்கார்ந்தது என் மடியில் என்கிறேன் நான். குழந்தை இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறான். தங்கை வீட்டுக்கு நான் போனால் இடது காதைப் பொத்திக்கொள்கிறான். பெரியண்ணன் போனால் வலது காது. பொங்கலுக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போய் நின்றோம். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டான்.